இணை உலகத்து ஒற்றர்களும் மறைக்கப்பட்ட ஏடும்

ஒற்றர் கதை என்றதும் வாசகர் மனத்தில் எழும் காட்சி ஒன்று உண்டு. அயல்நாட்டில் மாறுவேடத்தில் வாழும் ஒருவன். பகைவனின் படைக்கலத் திட்டம். நள்ளிரவில் கைமாறும் ஓர் உறை. இவ்வொற்றர் கதை அறிவியல் புனைகதையோடு கலந்தபோது, 20ஆம் நூற்றாண்டின் ஆங்கில இலக்கியத்தில் புதியதொரு வகை தோன்றியது. அதன் களம் இணை உலகம். வரலாறு வேறொரு திசையில் திரும்பியிருந்தால் எவ்வாறு ஆகியிருக்கும் என்னும் வினாவில் பிறந்த உலகம் அது. இவ்வகைப் புனைவுகளுள் சிறந்தவற்றை வரிசைப்படுத்தி நோக்கின், அங்கே வல்லரசுகள் மிகுதியும் அஞ்சுவது எழுதப்பட்ட ஓர் ஏட்டிற்கே என்பது புலனாகும்.

இணை உலகக் கருத்தை அறிவியல் புனைகதையுள் வலுவாக ஊன்றியவர்களுள் ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் மர்ரே லெய்ன்ஸ்டர். 1934இல் வெளிவந்த ‘சைட்வைஸ் இன் டைம்’ என்னும் அவரது கதையில், காலத்தின் ஒழுங்கு குலைந்து வெவ்வேறு வரலாறுகள் ஒரே நிலத்தில் அடுத்தடுத்து வந்து அமைகின்றன. உரோமப் பேரரசு அழியாத உலகின் படைவீரர்கள் அமெரிக்க மண்ணில் நடமாடுகின்றனர். வியப்பே அக்கதையின் உயிர். வியப்பு அச்சமாக மாறுவதற்கு ஐரோப்பாவில் நாஜி ஆட்சி வலுப்பெற வேண்டியிருந்தது.

அவ்வச்சத்தை முன்னரே உணர்ந்து எழுதியவர் ஒரு பெண். இங்கிலாந்தைச் சேர்ந்த கேதரின் பர்டெகின், 1937இல், அதாவது போர் தொடங்குவதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, ‘ஸ்வஸ்திகா நைட்’ என்னும் புதினத்தை மர்ரே கான்ஸ்டன்டைன் என்னும் ஆண்பெயரில் வெளியிட்டார். அப்பெயருக்குரியவர் யார் என்பது 1980களில்தான் உலகிற்குத் தெரியவந்தது. ஹிட்லர் தெய்வமாக வணங்கப்படும் ஏழு நூற்றாண்டுகளுக்குப் பிந்திய உலகம் அப்புதினத்தின் களம். அங்கே பழைய வரலாறு முழுவதும் அழிக்கப்பட்டுவிட்டது. பெண்கள் விலங்குகளைப்போல் அடைத்துவைக்கப்பட்டுள்ளனர். எஞ்சியிருப்பது ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒளித்துக் காத்துவரும் ஒரு கையெழுத்து ஏடும் ஒரு நிழற்படமும் மட்டுமே. எதிர்காலமாக எழுதப்பட்ட இக்கதை, இன்று நிகழாத ஓர் இணை வரலாறாகவே படிக்கப்படுகிறது.

இவ்வகையின் முழுமலர்ச்சியைப் பிலிப் கே. டிக் 1962இல் எழுதிய ‘த மேன் இன் த ஹை காஸில்’ என்னும் புதினத்தில் காணலாம். 1963இல் ஹியூகோ விருது பெற்ற நூல் இது. 1933 பிப்ரவரி 15ஆம் நாள் மயாமி நகரில் ரூஸ்வெல்ட்டை நோக்கிச் சாங்காரா என்பவன் சுட்டான். நாம் அறிந்த வரலாற்றில் ரூஸ்வெல்ட் தப்பினார். சிகாகோ நகர மேயர் செர்மாக் குண்டடிபட்டுப் பின்னர் உயிர்நீத்தார். டிக் படைத்த உலகிலோ ரூஸ்வெல்ட் கொல்லப்படுகிறார். அதன் தொடர்விளைவாக அமெரிக்கா போரில் தோற்கிறது. கிழக்குப் பகுதி ஜெர்மனியின் பிடியிலும், மேற்குக் கடற்கரை ஜப்பானின் பிடியிலும் அமைகின்றன.

இப்புதினத்தில் இரண்டு ஒற்றர்கள் இயங்குகின்றனர். ஒருவன் சுவீடன் நாட்டு வணிகனாக வேடமிட்டுச் சான்ஃபிரான்சிஸ்கோவிற்கு வரும் ஜெர்மன் உளவு அதிகாரி. ஜப்பான்மீது அணுகுண்டு வீசத் தன் நாடு தீட்டியுள்ள திட்டத்தை ஜப்பானியரிடமே அறிவித்துத் தடுக்க முயல்கிறான். மற்றொருவன் லாரி ஓட்டுநராக நடிக்கும் கொலையாளி. அவன் கொல்ல வந்திருப்பது படைத்தலைவனை அன்று, ஒரு நாவலாசிரியரை. ஜெர்மனி தோற்றது எனக் கற்பனையாக ஒரு நூல் எழுதியதே அவர் செய்த குற்றம். அந்நூல் ஜெர்மானியர் ஆளும் பகுதிகளில் தடைசெய்யப்பட்டுள்ளது. உலகின் பாதியை வென்ற பேரரசு ஒரு கற்பனைக்கு அஞ்சுகிறது! அவ்வெழுத்தாளர் கோட்டைக்குள் வாழ்வதாக ஊர் நம்புகிறது. இறுதியில் அவரைத் தேடிச் செல்லும் ஜூலியானா காண்பதோ காவலற்ற ஓர் எளிய இல்லம். எழுதுபவனுக்குக் கோட்டை இல்லை என்பதை ஆசிரியர் விளக்கவுரையின்றி உணர்த்திவிடுகிறார்.

இராபர்ட் ஹாரிஸ் 1992இல் வெளியிட்ட ‘ஃபாதர்லேண்ட்’ புதினத்தில் அந்த ஏடு கற்பனை நிலையைக் கடந்து மெய்யான ஆவணமாகிறது. போரில் வென்ற ஜெர்மனி, 1964இல் ஹிட்லரின் 75ஆம் பிறந்தநாளுக்காகப் பெர்லின் நகரை அலங்கரிக்கிறது. அமெரிக்காவுடன் நட்புறவு அரும்பும் வேளை. அப்போது முன்னாள் அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். துப்புத் துலக்கும் மார்ச் என்னும் காவல் அதிகாரி, அவர்கள் அனைவரும் 1942இல் ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள் எனக் கண்டறிகிறான். யூதர்கள் கிழக்கே குடியேற்றப்பட்டனர் என்றுதான் அவ்வுலக மக்கள் நம்பவைக்கப்பட்டுள்ளனர். உண்மையைச் சொல்லும் கோப்பை எல்லைக்கு அப்பால் அனுப்புவதற்காக அவன் அனைத்தையும் இழக்கிறான்.

அக்கூட்டம் நாம் வாழும் உலகில் நிகழ்ந்ததே. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினை அடுத்த வான்சே ஏரிக்கரை மாளிகையில், ஹைட்ரிக் தலைமையில் 15 பேர் கூடினர். ஐரோப்பிய யூதர்கள் அனைவரையும் அழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைப்பதே அதன் நோக்கம். கூட்டக் குறிப்பு 30 படிகள் எடுக்கப்பட்டது. அவற்றுள் 16ஆம் படி மட்டும் ஜெர்மன் வெளியுறவு அமைச்சகக் கோப்புகளிடையே 1947இல் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 60 இலட்சம் மனிதரின் அழிவை ஆணையிட்டு நடத்தியோர் தம் சொற்களாலேயே சான்று பகர நேர்ந்தது, எரியாமல் எஞ்சிய அந்த ஒரு படியால். அதுவும் எரிந்திருப்பின், தோற்ற ஜெர்மனியிலும் மறுப்போர்க்கு வழி எளிதாகியிருக்கும். இணை உலகிற்கும் நம் உலகிற்கும் இடையே உள்ள தொலைவு சில வேளைகளில் சில தாள்களின் கனமே என்பதை இச்செய்தி காட்டுகிறது.

அண்மைக் காலத்தில், 2017 முதல் 2019 வரை ஒளிபரப்பான ‘கவுன்டர்பார்ட்’ என்னும் தொலைக்காட்சித் தொடரும் இம்மரபையே தொடர்ந்தது. அதில் பெர்லின் நகர அலுவலகமொன்றில் பணிபுரியும் ஹோவர்ட் சில்க், பொருள் தெரியாத சொற்றொடர்களை மறுபக்கத்தாருடன் நாள்தோறும் பரிமாறி வருகிறான். மறுபக்கம் என்பது இன்னோர் உலகம் என்பதே அவனுக்குத் தெரியாது. தன் உருவொத்த மற்றொருவன் எதிரே வந்து நிற்கும்போதுதான் அறிகிறான். தான் உச்சரிக்கும் சொல்லின் பொருளை அறியாதவன் எவருக்கும் கருவியாகலாம் என்பது அத்தொடர் தரும் எச்சரிக்கை.

விறுவிறுப்புக்காக எழுதப்பட்டவை என இப்படைப்புகளை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் சொல்லைக் காப்பதும் சொல்லின் பொருளறிந்து வழங்குவதும் உயிர்போகும் செயல்களாகக்கூடும் என்பதை இவை கதையின் வேகத்திலேயே கற்பிக்கின்றன. பர்டெகின் காட்டும் குடும்பம் பேரிலக்கியம் எதையும் காக்கவில்லை; நடந்தது இது என்று சொல்லும் ஒரே ஓர் ஏட்டைத்தான் காத்தது. ஏடெழுதுவோரும் ஏடு காப்போரும் உள்ளவரை எந்த அரசின் வெற்றியும் முழுமையான வெற்றி ஆவதில்லை.