காவலாளி விடுபட்ட கணக்கு: கொள்ளைப் படத்தின் இலக்கணமும் கொடநாடும்

கொள்ளைப் படத்துக்கு இலக்கணம் வகுப்போர் பெரும்பாலும் திட்டத்திலிருந்தே தொடங்குவர்: ஆள் சேர்த்தல், வரைபடம், ஒத்திகை, பங்கு பிரிக்கையில் வரும் முறிவு. இது போதாது. 'சதுரங்க வேட்டை'யிலும் (2014) திட்டம் உண்டு, கூட்டாளிகள் உண்டு. ஆயினும் அது மோசடிப் படம். அங்கே பணத்தை இழப்பவரே தம் கையால் எடுத்துக் கொடுக்கிறார். கொள்ளைப் படத்திலோ பொருள் காவலுக்குள் இருக்கிறது. காவலை நீக்கிவிட்டால் திட்டத்துக்கே வேலையில்லை. இவ்வகைமை நிற்பது காவலின் தோளில்தான்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் களவுக்கு எட்டுத் துணைகளை அடுக்குகிறான். இடம், காலம், கருவி மூன்றும் அவற்றுள் அடங்கும். ழூல் தாசனின் 'ரிஃபிஃபி' (1955) இம்மூன்றையும் ஏறத்தாழ அரை மணி நேரம், பேச்சும் இசையும் இன்றிக் காட்டுகிறது. மேல்தளத்தைத் துளைத்து, உதிரும் காரையைப் பிடிக்க ஒரு குடையை உள்ளே இறக்கி விரிக்கிறார்கள். அதை விஞ்சிய கொள்ளைக் காட்சியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம்மை மூச்சடக்க வைக்கும் காவல் அங்கே ஓர் அபாய மணி. தீயணைப்புக் கருவியின் நுரையால் அதன் வாயை அடைக்கிறார்கள். மணிக்கு வலிக்காது, நம் மகிழ்ச்சிக்கும் கறை இல்லை.

தமிழ்ப் படங்கள் உடைமையின் கறையைத் துணைக்கு அழைக்கின்றன. 'மங்காத்தா'வில் (2011) 500 கோடி ரூபாய் சூதாட்டப் பணம். 'துணிவு' (2023) வங்கியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. எடுப்பவன், இழப்பவன் என்று கணக்கில் இரண்டே தரப்பு. மாதச் சம்பளத்துக்கு இரவெல்லாம் விழித்திருப்பவர் பணி மாறும் நேரமாகச் சுருங்கிவிடுகிறார்.

நீலகிரியில் இந்தக் கணக்கு பொய்த்தது. 2017 ஏப்ரல் 23 நள்ளிரவை ஒட்டி, கோத்தகிரிக்கு அப்பால், ஜெயலலிதாவின் கொடநாடு தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு கும்பல் நுழைந்தது. அவர் மறைந்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பூட்டிய பங்களா, பல வாயில்கள், உள்ளே என்ன இருக்கும் என்ற ஊகம், சமவெளிக்கு இறங்க எண்ணிச் சொல்லக்கூடிய சில மலைப்பாதைகள்: வகைமை கேட்கும் எல்லாமே அங்கு இருந்தன. காவலாளி ஒருவர் கொல்லப்பட்டார், இன்னொருவர் காயமுற்றார். களவு போனதாகக் காவல்துறை அப்போது சொன்னவை சில கைக்கடிகாரங்களும் ஒரு படிகக் காண்டாமிருகப் பொம்மையும்.

அதன்பின் ஊர்ப் பேச்சு ஆவணங்களையும் ஏவியவரையுமே சுற்றியது. 2022-இல் விசாரணை சிபிசிஐடி வசம் சென்றது. நாமும் கொள்ளைப் படம் பழக்கிய கண்ணோடு பங்களாவுக்குள்ளேயே எட்டிப் பார்த்தோம். வாயிலில் இறந்தவரைக் கடந்துதான் உள்ளே போனோம். கொடநாட்டைப் படமாக்க எண்ணும் இயக்குநர் யாராயினும், முதல் காட்சியில் கேமராவை அந்த வாயிலில், குளிரில் நிற்கும் காவலாளியின் பக்கம் வையுங்கள்.