பருவநிலை மாற்றம்: விவாதமும் உலக நாடுகளின் உடன்படிக்கைகளும்

நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை வாயு ஆகியவற்றை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் வாயுமண்டலத்தில் கரியமில வாயுவும் அதையொத்த வேறு சில வாயுக்களும் பெருகி, அதன் விளைவாகப் பூமியின் சராசரி உஷ்ணம் உயர்ந்து, மழையும் காற்றும் கடல் மட்டமும் பழைய நிலை திரிந்துவருவதையே பருவநிலை மாற்றம் என்று இன்று குறிக்கிறோம். இதைப் பற்றி நடந்துவந்த விவாதம் உண்மையில் இரண்டு விவாதங்களாகும். பூமி சூடேறுகிறதா, அதற்கு மனிதன் காரணமா என்னும் விஞ்ஞான வினா ஒன்று. சூடேற்றியவர் யார், அதன் பாரத்தைச் சுமக்க வேண்டியவர் யார் என்னும் நியாய வினா மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை கிடைத்த பின்னும் கிடைக்கவில்லை என்று சிலர் சாதித்துவந்தமையால், இரண்டாவது வினா உரிய காலத்தில் உரிய கவனத்தைப் பெறாமல் போயிற்று. இந்த வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க பகுதி இதுவே.

சூரியனின் ஒளியை உள்ளே விடும் வாயுமண்டலம், பூமியிலிருந்து திரும்பும் உஷ்ணத்தை ஓரளவு தடுத்து நிறுத்துகிறது என்னும் கருத்தைப் பிரெஞ்சுக் கணித மேதை ஜோசப் ஃபூரியே 1824-இல் வெளியிட்டார். எந்த வாயு இவ்வாறு சூட்டைப் பிடித்துவைக்கிறது என்று பரிசோதித்தவர்களுள் காலத்தால் முந்தியவர் யூனிஸ் ஃபுட் என்னும் அமெரிக்கப் பெண்மணி. நீண்ட கண்ணாடிக் குழாய்களுக்குள் உஷ்ணமானிகளைப் பொருத்தி, அவற்றில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து அவர் அளந்தபோது, சாதாரணக் காற்று 106 பாரன்ஹீட் டிகிரி அளவில் நிற்க, கரியமில வாயுவோ ஏறக்குறைய 125 டிகிரியை எட்டியதோடு, வெயிலிலிருந்து எடுத்த பிறகும் ஆறுவதற்குப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. பூமியின் காற்றில் இவ்வாயு மிகுந்திருந்த காலம் ஒன்று இருந்திருக்குமாயின் அக்காலத்தில் உஷ்ணமும் மிகுந்தே இருந்திருக்க வேண்டும் என்று அவர் எழுதிய கட்டுரை, 1856-இல் ஆல்பனி நகரில் கூடிய விஞ்ஞானிகள் மகாநாட்டில் ஜோசப் ஹென்றி என்னும் பௌதிக அறிஞரால் படிக்கப்பட்டது. அதன் பிறகு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வம்மையாரின் பெயர் மறக்கப்பட்டிருந்தது. அவருக்குச் சில ஆண்டுகள் கழித்து லண்டனில் ஜான் டிண்டால் நுட்பமான கருவிகளைக் கொண்டு, நீராவியும் கரியமில வாயுவும் கண்ணுக்குப் புலனாகாத உஷ்ணக் கதிர்களை உட்கொள்வதைத் திட்டவட்டமாக நிறுவினார். ஸ்வீடன் தேசத்து ரசாயன அறிஞர் ஸ்வாந்தே அரீனியஸ் 1896-இல், கரியமில வாயு இரு மடங்கானால் பூமியின் உஷ்ணம் 5 அல்லது 6 சென்டிகிரேடு டிகிரி உயரும் என்று கைக்கணக்காகவே கணித்துக் காட்டினார். ஆயினும் அந்நிலை வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று கருதிய அவர், குளிர் நாடுகளுக்கு அது நன்மையாகவே முடியும் என்றும் எண்ணினார்.

இக்கொள்கைக்கு அன்று எழுந்த ஆட்சேபணைகள் நேர்மையானவை. விஞ்ஞானம் வளர்வதற்கு உதவியவையுங்கூட. தடுக்கக்கூடிய கதிர்கள் அனைத்தையும் இப்போதுள்ள கரியமில வாயுவே தடுத்துவிடுகிறதாகையால், மேலும் சேர்வதால் விளைவு ஒன்றுமில்லை என்றனர் ஒரு சாரார். எவ்வளவு வாயு வெளிப்பட்டாலும் சமுத்திரம் அதை உட்கொண்டுவிடும் என்றனர் வேறு சிலர். இதனால், நீராவி இயந்திரப் பொறியியலாளரான கை காலண்டர் 1938-இல் பல நாட்டு உஷ்ணப் பதிவுகளைத் தொகுத்து, பூமி ஏற்கெனவே சூடேறத் தொடங்கிவிட்டது என்று லண்டனில் எடுத்துரைத்தபோது, வானிலை நிபுணர்கள் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. முதல் ஆட்சேபணைக்கு 1950-களில் கில்பர்ட் பிளாஸ் செய்த கணக்குகள் விடையளித்தன. கடல்நீரின் ரசாயன இயல்பு காரணமாகச் சமுத்திரம் முன்பு நினைத்த அளவுக்குக் கரியமில வாயுவை ஏற்றுக்கொள்ளாது என்பதை 1957-இல் ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் ஆகிய இருவரும் காட்டியதால் இரண்டாவதும் வலுவிழந்தது.

எஞ்சியிருந்தது அளவை ஒன்றே. ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா என்னும் எரிமலையின் உயர்ந்த சரிவில், நகரங்களின் புகை எட்டாத இடத்தில், சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சு மாதத்தில் அவ்வேலையைத் தொடங்கினார். காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு 313 பங்கு இருப்பதாக அன்று பதிவாயிற்று. பூமியின் வட பாதியிலுள்ள தாவரங்கள் தளிர்த்துத் தழைக்கும் மாதங்களில் அந்த அளவு குறைவதையும், இலைகள் உதிர்ந்து மட்கும் மாதங்களில் கூடுவதையும் அவர் கண்டார். பூமியே மூச்சு விடுவதைப் போன்ற அந்த ஏற்ற இறக்கம் ஆண்டுதோறும் நடந்தவாறே இருக்க, ஒவ்வோர் ஆண்டின் உச்சமும் முந்திய ஆண்டின் உச்சத்தைவிடச் சற்று உயர்ந்தே வந்தது. கைத்தொழில் யுகத்துக்கு முன் சுமார் 280 பங்காக இருந்த இவ்வளவு, 2024-க்குள் 420-ஐக் கடந்துவிட்டது. விவாதங்கள் எத்தனை நிகழ்ந்தபோதிலும், பணத்தட்டுப்பாடு பலமுறை குறுக்கிட்டபோதிலும், பொறுமையுடன் அளந்து எழுதிவைத்த இந்த ஒற்றைக் கோட்டுக்கு ஈடான சாட்சியம் இத்துறையில் வேறில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துவந்த வீ. இராமநாதன், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்டுவந்த குளோரோபுளோரோகார்பன் வாயுக்களும் பூமியைச் சூடேற்ற வல்லவை என்று 1975-இல் கண்டறிந்ததால், குற்றம் கரியமில வாயுவுக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கிற்று. 1979-இல் ஜூல் சார்னியின் தலைமையில் கூடிய அமெரிக்க விஞ்ஞானிகள் குழு, கரியமில வாயு இரட்டித்தால் உஷ்ணம் 1.5 முதல் 4.5 டிகிரி வரை உயரும் என்று மதிப்பிட்டது. பின்வந்த நாற்பதாண்டு ஆராய்ச்சி அம்மதிப்பின் இடைவெளியைக் குறுக்கியதேயன்றி அதைப் பொய்ப்பிக்கவில்லை.

விஞ்ஞானிகளின் கூடங்களிலிருந்து இச்செய்தி பொதுமக்களின் காதுக்கு எட்டிய ஆண்டு 1988. ஜூன் 23-ஆம் நாள் ஜேம்ஸ் ஹான்சன், பூமி சூடேறுவது இயல்பான ஏற்ற இறக்கம் அன்று என்பது தமக்கு 99 சதவிகிதம் உறுதி என்று அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் கூறினார். சில நாட்களில் டொரண்டோவில் கூடிய மகாநாடு, 2005-க்குள் கரியமில வாயு வெளியீட்டை 20 சதவிகிதம் குறைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அவ்வாண்டே உலக வானிலை ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து, ஆராய்ச்சி முடிவுகளைச் சீர்தூக்கி அரசுகளுக்கு உரைக்கும் பொருட்டு ஐ.பி.சி.சி. என்னும் அரசுகளுக்கிடையிலான குழுவை நிறுவின.

எதிர்ப்பும் அப்போதே திரண்டது. எண்ணெய், நிலக்கரி, மோட்டார்க் கம்பெனிகள் பல சேர்ந்து 1989-இல் ஏற்படுத்திய கூட்டணி ஒன்று, விஞ்ஞானம் இன்னும் நிச்சயப்படவில்லை என்னும் பிரசாரத்தைப் பல ஆண்டுகள் நடத்தி 2002-இல் கலைந்தது. எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகளே 1970-களின் பிற்பகுதி முதல் இவ்வபாயத்தை நிர்வாகத்துக்கு எடுத்துக்கூறி வந்தனர் என்பது பிற்காலத்தில் வெளியான ஆவணங்களால் தெரியவந்தது. தாம் அறிந்ததை மறைத்துப் பிறரை ஐயத்தில் ஆழ்த்திய இச்செயலை, மெய்யான ஐயப்பாட்டோடு சேர்த்து எண்ணுவது தகாது. செயற்கைக்கோள் அளவைகள் சூடேற்றத்தைக் காட்டவில்லை என்று 1990-களில் எழுந்த கேள்வி மெய்யான ஐயப்பாட்டுக்கு உதாரணமாகும். செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை மெல்லத் தாழ்ந்துவந்ததையும், அவை கடந்து செல்லும் நேரம் நழுவிவந்ததையும் கணக்கில் சேர்த்துத் திருத்தியபோது அம்முரண்பாடு பெரும்பாலும் நீங்கிற்று. 2009-இல் ஆங்கிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியானபோது மோசடி என்ற கூக்குரல் எழுந்தது. விசாரித்த குழுக்கள் மோசடி எதையும் காணவில்லை. இமயமலைப் பனிக்கட்டியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடும் என்று 2007-ஆம் ஆண்டு அறிக்கையில் புகுந்துவிட்ட தவற்றை ஐ.பி.சி.சி. தானே ஒப்புக்கொண்டு திருத்தியது.

இனி நியாய வினாவுக்கு வருவோம். 1990-இல் வாஷிங்டன் ஆராய்ச்சி நிலையம் ஒன்று வெளியிட்ட கணக்கில், பூமியைச் சூடேற்றுவதில் முன்னிற்கும் நாடுகளின் வரிசையில் இந்தியாவும் சீனாவும் இடம்பெற்றன. இதை மறுத்து, டில்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் ஒரு சிறு நூல் எழுதினர். நெல் விளையும் வயலிலிருந்தும் ஏழை உழவனின் மாட்டிலிருந்தும் எழும் மீத்தேனையும், செல்வ நாட்டார் ஓட்டும் மோட்டார்களின் புகையையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அநீதி என்றும், கழிவு வாயுவை ஏற்கும் சக்தி காற்றுக்கும் கடலுக்கும் எவ்வளவு உண்டோ அவ்வளவும் உலக மக்கள் அனைவருக்கும் தலைக்குச் சமமாகப் பங்கிடப்பட வேண்டிய பொதுச் சொத்து என்றும் அவர்கள் வாதித்தார்கள். இப்பொருள் குறித்து இந்தியாவிலிருந்து எழுந்த வாதங்களுள் தலைசிறந்தது இதுவே எனலாம். அதன் பின் நடந்த பேச்சுவார்த்தைகளில் இக்கருத்தை ஒதுக்கிவிட்டு எவராலும் பேச முடியவில்லை. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டு 1994-இல் அமலுக்கு வந்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, பொறுப்பு அனைவருக்கும் பொதுவெனினும் அதன் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதைத் தன் ஆதாரக் கொள்கைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

அக்கொள்கைக்குச் சட்ட வடிவம் கொடுக்க முயன்றது கியோட்டோ ஒப்பந்தம். 1997 டிசம்பரில், ஆர்ஜென்டினாவின் ரவுல் எஸ்திராதா குழுத்தலைவராக இருந்து நடத்திய பேச்சு, குறித்த நாளைக் கடந்து இரவெல்லாம் நீண்டு, மறுநாளே முடிவுற்றது. கைத்தொழிலில் முன்னேறிய நாடுகள் 1990-ஆம் ஆண்டின் அளவிலிருந்து சராசரியாக 5 சதவிகிதத்துக்குச் சற்று மேலாக 2008–2012 காலத்தில் குறைப்பதென்றும், மற்ற நாடுகளுக்கு அக்கட்டாயம் இல்லையென்றும் தீர்மானமாயிற்று. ஆனால், வளரும் நாடுகளையும் கட்டுப்படுத்தாத எந்த ஒப்பந்தமும் ஏற்கத்தக்கதன்று என்று அமெரிக்க செனட் சபை, எதிர்ப்பு ஒன்றுமின்றி 95 வாக்குகளால், அதற்கு ஐந்து மாதங்கள் முன்னரே தீர்மானித்திருந்தது. 2001-இல் அமெரிக்கா விலகியது. 2004-இல் ருஷ்யா சம்மதித்ததனால் மட்டுமே 2005 பிப்ரவரி 16 முதல் ஒப்பந்தம் அமலுக்கு வர முடிந்தது.

இவ்வாறு பெரிய நாடுகள் காலம் கடத்துகையில், குற்றம் ஏதும் செய்யாத சிறு தீவுகளின் நிலை மோசமாயிற்று. தரையின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் உயராத மாலத்தீவின் ஜனாதிபதி முகம்மது நஷீத், 2009 அக்டோபர் 17-ஆம் நாள், சுவாசக் கருவி பூண்ட தம் மந்திரிகளுடன் கடலடியில் மேசைகளைச் சுற்றி அமர்ந்து, கைச்சைகைகளால் பேசி, உலகம் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்ற பத்திரத்தில் கையொப்பமிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் கோபன்ஹேகன் மகாநாடு, சட்டபூர்வமான ஒப்பந்தம் எதையும் காணாமல் கலைந்தது. 2020 முதல் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகச் செல்வ நாடுகள் அங்கே அளித்த வாக்கு, 2022-இல்தான் நிறைவேறியது. 2011-இல் டர்பனில் பேச்சுவார்த்தை முறியும் நிலைக்கு வந்த கடைசி இரவில், இந்தியாவின் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் சமநீதியைக் கைவிட முடியாது என்று உறுதியுடன் வாதாடியதும் இங்கே குறிக்கத்தக்கது.

2015 டிசம்பர் 12-ஆம் நாள் பாரிஸில் ஏற்பட்ட ஒப்பந்தம் வேறு வழியை மேற்கொண்டது. சூடேற்றத்தை 2 டிகிரிக்கு மிகவும் கீழே நிறுத்துவதென்றும், 1.5 டிகிரிக்குள் அடக்க முயல்வதென்றும் இலக்கு வகுத்து, ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தானே அறிவிக்க விட்டுவிட்டது. தவறினால் தண்டனை இல்லை என்ற குறை அதில் உண்டு. ஆனால் அக்குறை இல்லாமல் அத்தனை நாடுகளை ஒரே ஏட்டில் கையொப்பமிடச் செய்திருக்க இயலாது. அமெரிக்கா அதிலிருந்து 2020-இல் விலகி, 2021-இல் திரும்பி, 2025 ஜனவரியில் மீண்டும் விலகுவதாக அறிவித்தது. இந்தியா 2070-க்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவதாகக் கிளாஸ்கோ மகாநாட்டில் கூறியது. பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளுக்கு இழப்பீட்டு நிதி ஒன்று ஏற்படுத்த 2022-இல் எகிப்தில் இசைவு கிடைத்தது. நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டு விலக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்வதற்கு, ரியோவிலிருந்து முப்பத்தோராண்டுகள் கழித்து 2023-இல் துபாயில்தான் நாடுகள் துணிந்தன. உலக சராசரி உஷ்ணம், கைத்தொழில் யுகத்துக்கு முந்திய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் உயர்ந்த முதல் ஆண்டாக 2024 பதிவாயிற்று.

பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் தொடங்கி, வனுவாட்டு அரசு ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுசென்ற வேண்டுகோளின் மீது, தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23-ஆம் நாள் தன் ஆலோசனைக் கருத்தை வழங்கிற்று. பருவநிலையைக் காப்பது ஒப்பந்தங்களால் மட்டுமன்றி வழக்காற்றுச் சர்வதேசச் சட்டத்தாலும் நாடுகள் மீது விழும் கடமை என்றும், அதை மீறும் நாடு தீங்குற்றவர்களுக்கு ஈடு செய்யப் பொறுப்பாகக்கூடும் என்றும் அது உரைத்தது. இக்கருத்து நாடுகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அன்றெனினும், ஒப்பந்தத்திலிருந்து விலகும் நாடுங்கூட அக்கடமையிலிருந்து விலகிவிட இயலாது என்பது இதனால் பெறப்படுகிறது.