தாறும் தாரும்

சங்கரன்கோவிலில் ஒரே காலையில் ‘தார்’ மூன்று முறை காதில் விழும். கடைவாசலில் வாழைத்தாருக்கு விலை பேசுவார்கள். தறி ஓடும் தெருவில், குழலில் ஊடைநூல் ஏற்றும் பெண்ணிடம் கேட்டால் “தார் சுத்துறேன்” என்பார். தெருமுனையில் ஜல்லியோடு தார் கலந்து ரோடு போடுவார்கள்.

முதல் இரண்டும் உண்மையில் ‘தாறு’. குலைக்கும், நெசவாளர் நூல்குழலுக்கும், மாடோட்டும் முள்கோலுக்கும் அகராதி தரும் வடிவம் அதுதான். ‘தாற்றுக்கோல்’ என்னும்போது அந்த வல்லின றகரம் இரட்டித்து நின்று சாட்சி சொல்கிறது. பேச்சில் ர, ற வேறுபாடு கரைந்ததும் எல்லாம் தார் ஆகிவிட்டன. இடையின ரகரத்தோடே பிறந்த தார், சங்ககால மன்னரும் வீரரும் மார்பில் அணிந்த மாலை. இவ்வூர்ப் பூ மார்க்கெட்டில் அந்தச் சொல் இன்று கேட்பதில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

ரோட்டுத் தார் ஆங்கிலத்தின் வழியே வந்தது. பைன் மரத்தைப் புகைய வைத்து வடித்த கரும்பிசினுக்கு வட ஐரோப்பியர் இட்ட பெயர் அது. அதன் வேர் மரத்தைக் குறிக்கும் மிகப் பழைய சொல். வடமொழியின் ‘தாரு’வும் அதே வேரில் கிளைத்ததுதான். அப்படியானால் தேவதாருவும் தார் டின்னும் ஒரே குடும்பம்! மரத்தின் பெயர் அப்படியே நிற்க, பொருள் மட்டும் மாறியது. நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டபோது வடிந்ததும் தார்தான்: கரித்தார். இன்று ரோட்டில் ஊற்றுவது அதுவும் அல்ல. மணலி போன்ற இடங்களில் கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் தங்கும் பிட்டுமென்.

தமிழில் இதற்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருந்தது: கீல். அரபியில் ‘கீர்’. மரக்கலங்களோடு வந்த சொல் என்றே எனக்குப் படுகிறது. தமிழ் விவிலியத்தில் நோவாவின் பேழைக்குப் பூசுவது கீல். பாபேல் கோபுரத்துக்குச் சாந்தானது நிலக்கீல். ரோடு வந்தபோது ஏனோ அந்த நல்ல சொல்லை விட்டுவிட்டோம்.

கரித்தார் நீரைவிடக் கனமான, நெடியடிக்கும் கருங்குழம்பு. மரம் உளுக்காமல் பூசலாம்; அதற்கு மேல் என்ன செய்வது என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அந்துருண்டையின் நாப்தலீனும், கிருமி கொல்லும் பீனாலும் அதிலிருந்து பிரிந்தன. கோமதி அம்மன் சன்னதிப் புற்றுமண்ணைத் தோல்நோய்க்குப் பூசும் ஊர் இது. சொரியாசிஸுக்குத் தோல் மருத்துவர் எழுதும் சில களிம்புகளில் இருப்பதும் கரித்தார்தான், அளவாக. அளவு முக்கியம். 1915இல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா இருவரும் முயலின் காதில் அதைத் திரும்பத் திரும்பத் தடவியே புற்றுநோயை வரவழைத்துக் காட்டினார்கள்.

நெசவாளரைத் தொட்ட கதை வேறு. 1856இல் 18 வயது வேதியியல் மாணவர் பெர்க்கின், கொய்னா செய்யப்போய், கரித்தாரிலிருந்து கிடைத்த அனிலினில் ஊதாச் சாயம் கண்டார். 1868இல் கிரேப், லீபர்மன் என்ற இரு ஜெர்மானியர் கரித்தாரின் ஆந்த்ரசீனிலிருந்து அலிசரினைச் செய்தார்கள். நம் கடற்கரை மணலில் தோண்டிய சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அதே அலிசரின். ஆலைச் சாயம் மலிவாக வந்திறங்க, சாயவேர் தோண்டும் தொழில் அழிந்தது. தாற்றில் சுற்றிய நூலுக்குத் தாரிலிருந்து நிறம் வந்தது.