மலையேறிய விருந்தினர்

1845-ஆம் ஆண்டில் மதுரைப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்க மறைபரப்பாளர்கள் கோடைக்கானலில் தங்கள் முதல் வீடுகளைக் கட்டினர். அவர்கள் உல்லாசம் நாடி வந்தவர்கள் அல்லர். சமவெளியின் வெப்பமும் நோயும் உற்றாரைப் பலிகொண்டதைக் கண்டு, உயிர் பிழைக்க மலையை நாடியவர்கள். அவர்கள் ஏறினார்கள் என்பதும் பாதி உண்மைதான். டோலிகளைத் தோளில் சுமந்து செங்குத்தான பாதையில் ஏறியவர்கள் அடிவாரத்துக் கூலியாட்கள். அவர்களின் பெயர்களை நாம் படித்த வரலாறுகள் சொல்லவில்லை.

1863-இல் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஓடைகளை மறித்து ஏரி அமைத்தார். அதை இயற்கையின் கொடை என்றெண்ணியே நம்மில் பலர் படகேறுகிறோம்! பின்னர் யூக்கலிப்டசும் பைனும் சீகையும் நடப்பட்டன. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளுக்கு ஊட்டிவந்த சோலைக்காடுகளும் புல்வெளிகளும் சுருங்கின. விருந்தினரின் கண்ணுக்கு மலை பசுமையாகவே தெரிந்தது. ஊற்று வற்றுவதை அறிந்தவர்கள் அங்கேயே வாழ்ந்தவர்கள். மலையின் தொல்குடிகளான பளியரை அக்காலத்தில் எவர் கலந்தாலோசித்தார்?

டோலிப் பாதை ஊர்திச் சாலையானபின் வருகைக்கு எல்லையில்லாமற் போயிற்று. சிலருக்கெனத் தோன்றிய ஓய்விடம் எல்லார்க்கும் திறந்தது நல்லதே. ஏழைக்குக் குளிர்காற்று கூடாதென்று நாம் சொல்லோம். ஆனால் மலையின் நீரும் நிலமும் வருகைக்கேற்ப வளரவில்லை.

1995-இல் ஸ்பெயின் நாட்டின் லான்சரோட்டே தீவில் கூடிய உலக மாநாடு, நிலைத்த சுற்றுலாவுக்கு ஒரு சாசனம் வகுத்தது. இயற்கை நெடுங்காலம் தாங்க வேண்டும்; வருவாய் நிலைக்க வேண்டும்; அவ்வூர் மக்களுக்கு நீதி கிட்டவேண்டும் என்பது அதன் சாரம். விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றும் நமக்கு முதலிரண்டும் எளிதில் விளங்கும். மூன்றாவதையே நாம் மறக்கிறோம். விடுதி ஒருவருடையது, இலாபம் சமவெளிக்கு இறங்குகிறது, குப்பை மட்டும் மலையிலேயே தங்குகிறது என்றால், அங்கே விருந்தளிப்பவர் யார்?

சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025-ஆம் ஆண்டுக் கோடைப் பருவத்தில் கோடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா ஊர்திகள் என வரம்பும் விதிக்கப்பட்டது. வணிகர்கள் எதிர்த்தனர், பருவத்தை நம்பிப் பிழைக்கும் அவர்களின் அச்சத்தை நாம் எள்ளுதல் தகாது. ஆயினும் மலையால் எவ்வளவு தாங்க முடியும் என்ற கேள்வி, முதல் வீடு எழுந்து ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின்னர் ஆணையாக வடிவெடுத்தது. அவ்வாணை ஊர்திகளை எண்ணுகிறது. ஒவ்வோர் அறையும் ஊற்றிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கிறது என்பதை எண்ணுவது இன்னும் பாக்கியிருக்கிறது.