சுட்ட மண்ணும் பட்டாணியும்

நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதுக்குள்ளேயே நின்னுக்கிட்டு, தழைச்சத்து இல்லாமல் பயிர் மஞ்சளாகிச் சாகும். காற்று நைட்ரஜனின் இரண்டு அணுக்களும் மும்மடிப் பிணைப்பில் இறுகிக் கிடக்கின்றன. பயிரால் அதை உடைக்க முடியாது. நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோ மண்ணில் கரைந்திருந்தால்தான் வேர் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் பயறு போட்ட நிலம் மட்டும் எப்படித் தேறுகிறது? தேறும் என்பது ரோமானியர்களுக்கே தெரியும். நம் டெல்டாவில் நெல் அறுப்பதற்கு முன்பே அந்த ஈரத்தில் உளுந்து தெளிப்பவர்களுக்கும் தெரியும். ஏன் என்பதற்குத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐம்பது வருஷம் ஆனது.

1838ல் பிரான்ஸில் பூசிங்கோ கணக்குப் போட்டுப் பார்த்தார். கோதுமையில் நைட்ரஜன் கூடவில்லை. பட்டாணியிலும் குளோவர் தீவனப்பயிரிலும் கூடியிருந்தது. 1850களில் அவரே இன்னும் கறாராகச் செய்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது.

அடுத்து இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட். லாஸ், கில்பர்ட், அமெரிக்காவிலிருந்து வந்த இளைஞர் எவான் பியூ. 1857ல் தொடங்கிய இவர்கள் சோதனையைப் படிக்கும்போது எனக்குப் பொறாமையே வந்தது, அவ்வளவு சுத்தம். மண்ணைச் சுட்டார்கள். செடிகளைக் கண்ணாடிக்குள் மூடினார்கள். உள்ளே போகும் காற்றைக்கூட அமிலத்தில் கழுவி, அம்மோனியாவை நீக்கி அனுப்பினார்கள். பதில்: எந்தப் பயிரும் காற்று நைட்ரஜனை எடுக்கவில்லை. வயலில் குளோவர் செய்யும் வேலைக்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

மண்ணைச் சுட்டபோது அதிலிருந்த பாக்டீரியாவும் செத்துப்போயிருந்தது. எதைத் தேடினார்களோ அதைச் சோதனைக்கு முன்பே எரித்துவிட்டார்கள். கவனக்குறைவு என்று சொல்லவே முடியாது. கவனம் கூடக்கூட விடை தூரமாகப் போனது. செடி என்றால் செடி மட்டும்தான் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது.

முடிச்சை அவிழ்த்தவர் ஜெர்மனியின் பெர்ன்பர்க்கில் இருந்த ஹெல்ரீகல், கூடவே வில்ஃபார்த். நைட்ரஜன் இல்லாத மணலில் ஓட்ஸ் சொன்னபடி கேட்டது: எவ்வளவு நைட்ரேட் கொடுத்தார்களோ அதற்கேற்ற விளைச்சல். பட்டாணி கேட்கவில்லை. ஒரே மணல், ஒரே தண்ணீர். ஒரு தொட்டியில் செடி பட்டினியில் வாடும், பக்கத்துத் தொட்டியில் தளதளன்னு நிற்கும். எங்கள் தொழிலில் இதை ஃப்ளேக்கி டெஸ்ட் என்போம். கோடில் ஒரு எழுத்தும் மாறாமல் இன்று பாஸ், நாளை ஃபெயில். பெரும்பாலும் நாங்கள் திரும்ப ஓடவிட்டு, பச்சை விளக்கு எரிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவோம். ஹெல்ரீகல் சராசரி எடுத்து மூடியிருக்கலாம். அவர் வேரைப் பார்த்தார். செழித்த செடிகளில் முடிச்சுகள் இருந்தன; தற்செயலாக வந்து சேர்ந்த நுண்ணுயிரின் வேலை. நல்ல மண்ணைத் தண்ணீரில் கலக்கி, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினால் வாடும் பட்டாணி எழுந்தது. கொதிக்க வைத்து ஊற்றினால் எழவில்லை.

அந்த மண் தண்ணீரின் வேலையைத்தான் இன்று ரைசோபியம் பாக்கெட் செய்கிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து உளுந்து விதைக்கு நேர்த்தி செய்கிறார்கள். முடிச்சுக்குள் பாக்டீரியா நைட்ரஜனை அம்மோனியாவாக்கிக் கொடுக்கும். செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். இலவசம் இல்லை.

1886 செப்டம்பரில் பெர்லின் அறிவியலாளர் மாநாட்டில் ஹெல்ரீகல் இதை அறிவித்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் 69 வயது கில்பர்ட்டும் இருந்தார். ஊருக்குத் திரும்பி, சில வருஷங்களில் அதே ரோத்தம்ஸ்டெட்டில் பட்டாணியை மறுபடி போட்டார்கள், இந்த முறை மண் தண்ணீர் ஊற்றி. முடிச்சு வந்தது, நைட்ரஜன் கூடியது. அதை உலகுக்கும் சொன்னார்கள். பார்க்க பியூ இல்லை. 1864லேயே, 36 வயதில் இறந்திருந்தார்.