கிரியான் வயல்களும் நெல் மானியமும்: கழிவு போன எடைக்கே பணம்

பேரா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கிரியான் மாவட்டம், நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்று. பாரிட் புந்தார், பாகான் செராய், கோல குராவ் ஆகிய ஊர்களைச் சுற்றிலும் வயல்கள்தாம். ஒரு காலத்தில் இங்கே கரும்புத் தோட்டங்களும் இருந்தன; அவற்றில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கம் கால்வாய்களுக்கு உயிர் கொடுத்தது. மாவட்டத்தின் அடையாளமாக நெல் நிலைத்துவிட்டது.

நெல் விவசாயிக்கு அரசாங்கம் தரும் ஆதரவு பல வடிவங்களில் வருகிறது. 1979இல் தொடங்கிய உரத் திட்டம் அவற்றில் ஒன்று. ஆனால் விவசாயி நேரடியாகக் கையில் பார்க்கும் பணம், நெல் விலை மானியம்தான். டன்னுக்கு 360 வெள்ளியாக இருந்த இந்த மானியம் இப்போது 500 வெள்ளி. இதோடு, ஆலைகள் கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்ச கொள்முதல் விலை 2025 தொடக்கத்தில் 1,300 வெள்ளியிலிருந்து 1,500 வெள்ளிக்கு உயர்ந்தது.

பதிவு பெற்ற விவசாயி ஆலையில் நெல்லை விற்று இரசீது பெறுகிறார். அந்த இரசீதின் அடிப்படையில் பெர்னாஸ் நிறுவனத்தின் வழியாக மானியம் வழங்கப்படுகிறது. 1971இல் அமைக்கப்பட்ட தேசிய நெல், அரிசி வாரியத்தின் பணிகளை, 1996இல் தனியார்மயமானபோது ஏற்றுக்கொண்ட நிறுவனம் இது. நாட்டுக்குள் அரிசி இறக்குமதி செய்யும் ஏக உரிமையும் இதனிடமே உள்ளது.

சிக்கல் எடையில் இருக்கிறது. அறுவடை இயந்திரத்திலிருந்து நேராக ஆலைக்கு வரும் நெல் ஈரமானது. பதர், வைக்கோல் துண்டு, மண் எல்லாம் கலந்திருக்கும். இவற்றுக்காக ஆலை ஒரு விழுக்காட்டைக் கழிக்கிறது. கழித்தபின் மிஞ்சும் நிகர எடைக்கே விலை, மானியமும் அதற்கே. 10 டன் நெல் கொண்டுபோகும் ஒருவருக்கு 20 விழுக்காடு கழிவு போனால் மிஞ்சுவது 8 டன். விலை 12,000 வெள்ளி, மானியம் 4,000 வெள்ளி. கழிவே இல்லாவிட்டால் முறையே 15,000, 5,000 வெள்ளி கிடைத்திருக்கும். ஈரமான நெல்லைக் கழிவின்றி வாங்கச் சொல்வது நியாயமாகாது என்றாலும், மழைக்கால அறுவடையில் விவசாயிகளின் வாக்குவாதம் பெரும்பாலும் இந்த விழுக்காட்டைச் சுற்றியே நடக்கிறது. மானியம் உயர உயர, ஒவ்வொரு விழுக்காட்டின் மதிப்பும் கூடுகிறது.

பணம் எந்த வடிவில் வருகிறது என்பதும் விவசாயிக்குச் சின்ன விஷயமல்ல. 1980 ஜனவரியில் ஆயிரக்கணக்கான கெடா விவசாயிகள் அலோர் ஸ்டாரில் திரண்டார்கள். அப்போது மானியம் ரொக்கமாக வரவில்லை. கூப்பனாக, கட்டாயச் சேமிப்பாக வந்தது. இன்றைய செலவுக்கு இன்றே பணம் வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. பிறகு கூப்பன் முறை கைவிடப்பட்டது.

நில உரிமையாளருக்கும் குத்தகைக்காரருக்கும் இடையிலான கணக்கு இன்னும் சிக்கலானது. நாற்று நட்டு, மருந்தடித்து, அறுவடைக் கூலி கொடுப்பவர் குத்தகைக்காரர். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத வாய்மொழிக் குத்தகையில், வயலைப் பயிரிடுபவர் தாம்தான் என்று காட்ட அவரிடம் தாள் ஏதும் இருக்காது. பதிவு தம் பெயரில் இருந்தாலும், மானியம் கூடியதைக் காரணம் காட்டி அடுத்த பருவத்தில் குத்தகைத் தொகை ஏறினால், கூடுதல் வெள்ளி அவர் கையில் தங்குவதில்லை.

ஆலையில் கொடுக்கும் இரசீதில் மொத்த எடை, கழிவு விழுக்காடு, நிகர எடை ஆகிய மூன்றையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது. லாரி காலியான பிறகு அந்த நெல்லை மறுபடி நிறுத்துப் பார்க்க வழியில்லை.