அட்டவணைக்கு வெளியே ஒரு மாத்திரை

வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்கள் கைது என்ற செய்தி வடசென்னை வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஊர்ப் பெயர்தான் மாறும். பறிமுதலான மாத்திரைகளின் எண்ணிக்கை இருக்கும். சிரிஞ்சுகளும் சேர்ந்து பிடிபட்டிருக்கும். செய்தியில் அவை 'போதை மாத்திரைகள்' என்று குறிப்பிடப்படும். ஆனால், பிடிபட்டது டேபென்டடால் என்னும் மருந்தாக இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது போதைப் பொருளே அல்ல.

எர்ணாவூரில் பல ஆண்டுகளாக மருந்துக் கடை நடத்தி வருபவன் நான். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவே துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்து செல்லும் எண்ணூர் விரைவுச் சாலை. மீனவர் குப்பங்கள், சுனாமிக் குடியிருப்பு, தொழிற்சாலை ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று உடலுழைப்பை நம்பி வாழும் மக்கள். இங்கே ஒரு மருந்துக் கடையில் அதிகம் கேட்கப்படுவது காய்ச்சல் மருந்தல்ல, வலி மருந்து. சுமை இறக்கிய தோளுக்கும், ஓட்டுநரின் முதுகுக்கும், வலை இழுத்த கைக்கும் வலி உண்மையானது. ஆகவே, வலி மருந்து கேட்டு வருவோர் அனைவரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க என்னால் முடியாது. இந்தக் கட்டுரைக்கு அதுவே காரணம்.

டேபென்டடாலும், அதற்கு முன்பு பரவலாக முறைகேடாகப் பயன்படுத்தப்பட்ட டிரமடாலும் ஜெர்மனியின் ஒரே மருந்து நிறுவனத்தில் உருவானவை. இரண்டும் ஓபியாய்டு வகை வலி நிவாரணிகள். முறையாக, அளவோடு, மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்தால் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கடும் வலியைத் தணிப்பவை. மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும்போது கதை வேறு. மருந்து மூச்சை மந்தப்படுத்தும். மாத்திரைக்கு வடிவம் கொடுப்பதற்காகச் சேர்க்கப்படும் கரையாத துகள்களோ இரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் அடைக்கும். ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் வரும் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. தொற்றுகள் தனி.

இந்தியாவில் எது போதைப் பொருள் என்பதைத் தீர்மானிப்பது போதைப் பொருள்கள், மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985. வழக்கில் என்.டி.பி.எஸ். சட்டம். அபின், கஞ்சா, கோக்கா ஆகியவற்றுக்குச் சட்டத்துக்குள்ளேயே விளக்கம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் மனமயக்கப் பொருள்களுக்குச் சட்டத்தின் இறுதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் குற்றம். இல்லையென்றால் அந்தச் சட்டத்தின்படி குற்றமில்லை. அட்டவணையில் பெயர் சேர்க்கவும் நீக்கவும் மூன்றாவது பிரிவு ஒன்றிய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஒரு பொருளின் தன்மை, விளைவு, அது தவறாகப் பயன்படுத்தப்படும் அல்லது பயன்படுத்தப்படக்கூடிய நிலை ஆகியவை குறித்த தகவலும் சான்றும் கிடைத்தாலோ, பன்னாட்டு உடன்படிக்கையில் மாற்றம் வந்தாலோ போதும். நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியானால் சட்டம் நீண்டுவிடும்.

இந்த அறிவிக்கையை வெளியிடுவது சுகாதார அமைச்சகம் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை. அபின் வரி வருவாயாக இருந்த காலனிக் காலத்தின் மிச்சம் இது. மருந்துக் கடைகளைக் கட்டுப்படுத்தும் எச், எச்1, எக்ஸ் அட்டவணைகள் சுகாதார அமைச்சகத்திடம் உள்ளன. போதைப் பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் உள்துறையின் கீழ் இயங்குகிறது. மறுவாழ்வு மையங்கள் சமூகநீதி அமைச்சகத்தைச் சார்ந்தவை. நான்கு மேசைகளுக்கு இடையே ஒரு மாத்திரையின் கோப்பு நகர்வதற்கு எத்தனை காலம் ஆகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கடந்த காலம் அதற்குச் சான்று. மயக்க மருந்தான கெட்டமின் 2011-இல் அட்டவணைக்குள் வந்தது. மெஃபெட்ரோன் 2015-இல் வந்தது. டிரமடால் 2018 ஏப்ரலில்தான் சேர்க்கப்பட்டது. அப்போது அதன் உடன்பிறப்பான டேபென்டடால் சேர்க்கப்படவில்லை. அதற்குப் பின் வந்த ஆண்டுகளிலும் வெளியிலேயே இருந்துவந்திருக்கிறது. ஒரு கதவை மூடினால் வணிகம் அடுத்த கதவுக்கு நகரும் என்பதை அறிய ஆய்வு எதுவும் தேவையில்லை. அமெரிக்காவில் வரிசை நேர்மாறாக இருந்தது. அங்கே டேபென்டடால் 2008-இல் அனுமதி பெற்றது. மறு ஆண்டே கடுமையான இரண்டாம் அட்டவணையில் வைக்கப்பட்டது. டிரமடால் 2014-இல் நான்காம் அட்டவணைக்கு வந்தது. வீரியம் கூடிய மருந்தை முதலில் கட்டுப்படுத்தினார்கள்.

அட்டவணையில் இல்லாததால் நடைமுறையில் என்ன நேர்கிறது? உரிமமின்றி மருந்து விற்பது மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 1940-இன் கீழ் குற்றம். குறைந்தது மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனைக்குரியது. ஆனால், 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அசோக் குமார் சர்மா வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. அந்தச் சட்டத்தின் நான்காம் அத்தியாயக் குற்றங்களுக்குக் காவல் துறை முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முடியாது. அந்தச் சட்டத்தின்படி வழக்குத் தொடர வேண்டியவர் மருந்து ஆய்வாளரே. சட்ட நோக்கில் சரியான தீர்ப்பு. மருந்துக் கடைக்காரர்களைக் காவல் நிலையத்துக்கு அலைக்கழிப்பதை அது தடுத்தது. ஆனால் நள்ளிரவில் ரயில் நிலையத்திலோ சந்திலோ மாத்திரை அட்டைகளோடு பிடிபடுபவரிடம் மருந்து ஆய்வாளர் எங்கே இருக்கிறார்? காவலர்கள் நஞ்சு கொடுத்துத் துன்புறுத்துவது குறித்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு போன்றவற்றை நாட வேண்டியிருக்கிறது. தானே விரும்பி வாங்கிய ஒருவருக்கு விற்றதை அந்தப் பிரிவின்கீழ் மெய்ப்பிப்பது எளிதன்று.

மாநில அரசால் இதில் என்ன செய்ய முடியும்? மருந்துகளும் நஞ்சுகளும் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் 19-ஆவது இனம். மதுவோ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இந்த வேறுபாட்டின் விளைவை 2024-இல் நேரில் கண்டோம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 65-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சம்பவம் நடந்து ஏறத்தாழப் பத்தே நாளில், ஜூன் 29 அன்று, சட்டமன்றம் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்தது. தனக்கு அதிகாரம் உள்ள இடத்தில் மாநிலம் எவ்வளவு விரைவாக இயங்கும் என்பதற்கு அது சான்று. சாவுக்குப் பிறகுதான் இயங்கியது என்பது வேறு விஷயம்.

மாத்திரைக்கு அந்த வசதி இல்லை. ஒன்றியச் சட்டத்தின் அட்டவணையில் மாநிலம் கைவைக்க முடியாது. குடியரசுத் தலைவரின் இசைவோடு 254(2) பிரிவின்படி மாநிலத் திருத்தம் கொண்டுவரலாம். மருந்துகள் சட்டத்துக்கு 1970-களில் மேற்கு வங்கமும் உத்தரப் பிரதேசமும் அப்படிச் செய்திருக்கின்றன. 1919-ஆம் ஆண்டு நஞ்சுகள் சட்டம் என்ற பழைய கருவியும் உண்டு. எவை நஞ்சு என்று பட்டியலிட்டு, வைத்திருப்பதையும் விற்பதையும் நெறிப்படுத்தும் அதிகாரத்தை அது மாநில அரசுகளுக்குத் தருகிறது. அமில வீச்சுக் கொடுமைகளைத் தொடர்ந்து 2013-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின்கீழ் விதிகள் வகுக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. தொழிற்சாலை வேதிப்பொருள்களுக்கு அது பொருத்தமான கருவி. மருந்துக்கு அதைப் பயன்படுத்துவது செருப்புக்கு ஏற்பக் காலை வெட்டுவதாகிவிடும் என்பது என் எண்ணம்.

அண்டை நாடுகளைப் பாருங்கள். இலங்கையின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929-இல் பிறந்தது. 'ஐஸ்' என்னும் மெத்தம்பெட்டமின் பரவிய பிறகு, 2022-இல்தான் அதற்கென அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 5 கிராமுக்கு மேல் இருந்தால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ. சிங்கப்பூர் வேறு வழியில் சிந்தித்தது. பெயரைப் பட்டியலிடுவதோடு நில்லாமல், மூளையில் ஏற்படுத்தும் விளைவை வைத்தே ஒரு பொருளைத் தடுக்கும் முறையை 2024 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியது. மின்சிகரெட்டில் எட்டோமிடேட் கலந்து புகைக்கும் பழக்கம் பரவியபோது, 2025 செப்டம்பரில் அதை ஆறு மாதங்களுக்குத் தற்காலிகமாகப் பட்டியலில் சேர்த்தது. கடுமையான தண்டனைகளில் எனக்கு உடன்பாடில்லை. தற்காலிகப் பட்டியல் என்ற கருத்து நமக்குப் பயன்படும்.

நம்மால் விரைந்து இயங்க முடியாது என்பதும் இல்லை. டேபென்டடாலையும் கேரிசோப்ரோடாலையும் கலந்த மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் இளைஞர்களைச் சீரழிப்பதை 2025 பிப்ரவரியில் பிபிசி வெளிக்கொணர்ந்தது. அடுத்த சில நாள்களிலேயே அக்கலவைக்கான தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளை இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பப் பெற்றது. கானாவிலிருந்து கேட்ட குரல் எர்ணாவூரிலிருந்து கேட்கவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

உடனே டேபென்டடாலை அட்டவணையில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மார்ஃபினுக்கு நேர்ந்ததை மறந்துவிடக் கூடாது. 1985 சட்டம் வந்த பிறகு, மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு உரிமங்கள், பத்தாண்டுச் சிறை என்ற அச்சம் ஆகியவற்றால் மருத்துவமனைகள் மார்ஃபினைத் தொடவே தயங்கின. நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு ஏறத்தாழ 97 விழுக்காடு சரிந்து, 1997-இல் வெறும் 18 கிலோவுக்கு வந்தது. புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் பல்லாண்டுகள் போராடிய பிறகே, 2014 திருத்தம் 'இன்றியமையாப் போதை மருந்துகள்' என்ற வகையை உருவாக்கி நாடு முழுவதும் ஒரே விதியைக் கொண்டுவந்தது.

அதன் சிறிய வடிவத்தை நானே கண்டேன். 2018-இல் டிரமடால் அட்டவணைக்குள் வந்ததும் எங்கள் கடையில் அதை வைப்பதை நிறுத்தினோம். எனக்குத் தெரிந்த சில கடைகளும் நிறுத்தின. கணக்குப் புத்தகத்தில் ஓர் அட்டை குறைந்தால் என்ன ஆகும் என்ற பயம். எலும்பு முறிந்து முறையான சீட்டோடு வந்தவர்களைத் தொலைவிலுள்ள பெரிய கடைகளுக்கு அனுப்பினோம். அரை நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அவர்கள் போக வேண்டியிருந்தது.

அளவு பற்றிய கேள்வி இன்னும் நுட்பமானது. டிரமடாலுக்குச் சிறு அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தூய மருந்தின் எடையை மட்டுமல்ல, கலவையின் மொத்த எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. ஒரு மாத்திரை 300 மில்லி கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். பதினேழு மாத்திரைகளில் 5 கிராம் கடந்துவிடும். அதாவது இரண்டு அட்டைகூட முழுதாக வேண்டாம். அதற்குமேல் தண்டனை ஓராண்டு என்ற வரம்பு பத்தாண்டாகத் தாவுகிறது. தன் பயன்பாட்டுக்காக இரண்டு அட்டை வாங்கி வைத்திருக்கும் பத்தொன்பது வயதுப் பையனும், சில்லறை விற்பனையாளனும் ஒரே கூண்டில் நிற்பார்கள். டேபென்டடாலுக்கு அளவு குறிக்கும்போது மாத்திரையின் முழு எடையை மனத்தில் வைத்தே எண்ணைத் தீர்மானிக்க வேண்டும்.

அட்டவணை எழுதுவது குமாஸ்தா வேலை என்று எண்ணுவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014 திருத்தத்தில் ஒரு விளக்கத்தின் உட்பிரிவு எண் மாறியது. கடத்தலுக்குப் பண உதவி செய்வோரைத் தண்டிக்கும் 27ஏ பிரிவோ பழைய எண்ணையே சுட்டிக்கொண்டிருந்தது. திரிபுரா உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பிறகு, 2021-இல்தான் நாடாளுமன்றம் அதைச் சரிசெய்தது. ஏழாண்டுகள் ஓர் எழுத்துப் பிழை நாட்டின் கடுமையான சட்டமொன்றில் குடியிருந்தது.

தமிழ்நாடு அரசு இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூன்றாவது பிரிவு கேட்பது தகவலும் சான்றும். அவை நம்மிடம் சிதறிக் கிடக்கின்றன: காவல் நிலையங்களின் பறிமுதல் பதிவுகள், தடய அறிவியல் துறையின் பகுப்பாய்வு முடிவுகள், ஸ்டான்லி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக் குறிப்புகள், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மொத்த விற்பனைக் கணக்குகள். இவற்றை ஒரே அறிக்கையாகத் தொகுத்து, உரிய அளவுகளையும் முன்மொழிந்து, மருத்துவர் சீட்டுக்கு முறையாக விற்கும் கடைகளுக்குப் பாதுகாப்பையும் கேட்டு வருவாய்த் துறைக்கு அனுப்பலாம். அதுவரை, எச்1 மருந்துகளுக்கு நாங்கள் மூன்றாண்டுகள் பாதுகாக்கும் தனிப் பதிவேட்டைப் போன்ற ஒன்றை டேபென்டடாலுக்கும் தாமாக முன்வந்து பராமரிக்குமாறு கடைகளைக் கேட்டுக்கொள்ளலாம். நான் தயார். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. மாத்திரை அட்டவணைக்குள் வரும் நாளில், அந்தப் பிரிவைப் பயன்படுத்தி எர்ணாவூர்ப் பையன் ஒருவன் சேர்வதற்குத் திருவொற்றியூர் வட்டாரத்திலேயே அரசு சிகிச்சைப் படுக்கைகள் இருக்க வேண்டும் என்பதையும் அந்த அறிக்கையில் சேர்த்து எழுதட்டும்.